குறுக்கு வார் இல்லாத தூணி

காரோ பஸ்ஸோ லாரியோ, எந்த வண்டியின் இருக்கை கிழிந்தாலும் அந்தத் தெருவில் அவளிடம்தான் வரும். அதனால் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பதைத் தாண்டியபின்தான் வில் அவள் கைக்கு வந்தது. வில்வித்தை மைதானத்தில் இலக்குகளுக்கு உறை தைக்கக் கேட்டிருந்தார்கள். கொடுக்கப் போனவளிடம், "ஒரு அம்பு விட்டுப் பாருங்களேன்" என்றார் அங்கிருந்த காவலாளி. விட்டாள். அம்பு எங்கேயோ போனது, மனசும் கூடவே போய்விட்டது. பிறகு ஞாயிறு தவறாமல் மைதானம்தான். பக்கத்துக் கடையில் டயர் பஞ்சர் ஒட்டும் அவள் புருஷன், "வேட்டைக்குக் கிளம்பிட்டா, கறி வருதோ இல்லையோ" என்று சிரிப்பார்.

அப்புறம் வலது மார்பில் கட்டி வந்தது. மார்பையே எடுத்துவிட்டார்கள்.

நாத்தனார் வந்து தங்கி, புண்ணுக்குக் கட்டு மாற்றினாள். புருஷன் சமைத்தார், துணி துவைத்தார், மருந்துக்கு அலைந்தார். ஆனால் கட்டுப் பிரிக்கும் நேரம் வந்தால் மட்டும் அவருக்குக் கடையில் தலைபோகிற வேலை வந்துவிடும். அவள் அதைப் பார்த்தாள், கேட்கவில்லை.

புண் ஆறிய பிறகு டாக்டர், "லேசான வில்லா இருந்தா இழுக்கலாம். கை வீங்குச்சுன்னா நிறுத்திடணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் சீட்டக்கா தன் அம்பறாத்தூணியை எடுத்து மாட்டிப் பார்த்தாள். அம்புகளை வைத்து முதுகில் சுமக்கும் தோல் கூடு அது. அதன் வார் வலது தோளில் ஏறி, மார்பின் குறுக்கே இறங்கும். வார் வடுவில் பட்டதும் உயிர் போய் உயிர் வந்தது. கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

"விட்டுத் தொலையேன். அதுவா நமக்குச் சோறு போடுது?" என்றார் புருஷன்.

"சோறு போடுறதை மட்டும்தான் செய்யணும்னா நான் தையல் மெஷினாவே பொறந்திருப்பேனே."

நாத்தனார்தான், "ஏன் அண்ணி, முதுகுலதான் தொங்கணும்னு சட்டமா? இடுப்புல கட்டிக்கக் கூடாதா?" என்றாள்.

"கட்டலாமே. வலது பக்கம்தான் பாரம் குறைஞ்சு கிடக்கு, ஈடாயிடும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பழைய கார் இருக்கையிலிருந்து உரித்த தடித்த தோலை விரித்தாள். அம்பின் நீளத்துக்கு அட்டை வெட்டி, இறகுகள் வெளியே நிற்கும்படி அளவு குறைத்தாள். அடியில் இருமடிப்புத் தோல் வைத்து, முனை குத்தாமலும் கலகலக்காமலும் இருக்க ஸ்பாஞ்சு திணித்தாள். வலக்கையால் சுத்தியலை ஓங்க முடியவில்லை. இடக்கையால் அடித்ததில் துளைகள் கோணல்மாணலாக விழுந்தன. மெழுகு தேய்த்த நூலால் மெல்ல மெல்லத் தைத்தாள்.

கட்டிப் பார்த்தால் கூடு நேராகத் தொங்கி, நடக்க நடக்க முழங்காலில் இடித்தது. இறகுப் பக்கம் முன்னால் சாய்ந்து கைக்கு எட்ட வேண்டும். அதற்கு இடுப்பு வாரிலிருந்து தொங்கும் இரண்டு வார்கள் வேண்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. தானே கட்டிக்கொண்டு தானே அளவெடுக்க முடியாது. நாத்தனார் ஊருக்குப் போய்விட்டிருந்தாள்.

"இங்க வாங்க. இந்த நாடாவைப் பிடிங்க."

அவர் வந்தார். கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு பிடித்தார். நாடா நழுவியது. மறுபடியும் நழுவியது.

"தரைக்கா அளவு எடுக்குறீங்க? என்னைப் பாருங்க" என்றாள். பிறகு, குரலைத் தணித்து, "ஆறிடுச்சு. ஒருதடவை பார்த்துடுங்களேன்" என்று சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ரப்பர் பசை காய்ந்த விரலை வடுவின் ஓரத்தில் வைத்தார்.

"வலிக்குதா?"

"அங்க மரத்துப் போச்சு. கொஞ்சம் மேலதான் வலிக்கும்."

"நான் பார்த்தா நீ செத்துப் போயிடுவேன்னு தோணுச்சு," என்றார். "கிறுக்குத்தனம்தான்."

அவள் அவர் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அன்று வார்களுக்குத் துளை போட்டது அவர். பக்கிள் தைத்தது அவள்.

ஞாயிறு இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். இரவல் வாங்கிய லேசான வில். இடுப்பிலிருந்து அம்பை உருவியபோது எங்கும் வலிக்கவில்லை. நாணை இழுத்தபோது வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். அம்பு பாதி வழியில் புல்லில் விழுந்தது. வெகுநாள் கழித்துத்தான் ஒன்று இலக்கின் ஓரத்தில் குத்தியது.

இப்போதும் போகிறாள். கை வீங்கிய நாளில் வில்லைத் தொடுவதில்லை, மர நிழலில் உட்கார்ந்து மற்றவர்களின் அம்பைத் துடைத்துக் கொடுக்கிறாள். கட்டி மறுபடி வருமா என்று கேட்டால், டாக்டர் ஒவ்வொரு முறையும் "பார்ப்போம்" என்கிறார். அந்த வார்த்தையோடு வீடு திரும்பும் நாட்களிலும் இருவரும் கடையைத் திறந்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.