இளகின தட்டு

பையைத் திறந்து மதினி கட்டிலில் கவிழ்த்ததும் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் தட்டுகள் சரிந்து விழுந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பி, விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல குழம்பு ஊத்துனா நிக்காது போலுக்கே" என்றாள். மதினி சிரித்துவிட்டாள். அமெரிக்காவிலிருந்து அவள் வந்து இறங்கிய மூன்றாம் நாள் அது. வந்ததிலிருந்து அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

மதினி என் அண்ணனின் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷம் அங்கே அவனோடு இருந்தவள், தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம் தனியாக வந்து சேர்ந்தாள். அண்ணனுக்கு வேலை வேறு ஊருக்கு மாறுகிறது, வீடு பார்த்ததும் கூப்பிட்டுக்கொள்வான் என்று எங்களிடம் சொல்லப்பட்டது. நாங்களும் தெருவில் அதையே சொன்னோம். அப்பா காலமான பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நானும் அம்மாவும்தான். எனக்கு இருபத்தெட்டு வயது. வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. என் ஜாதகம் பல வீட்டுப் படி ஏறி இறங்கிக் களைத்துப் போயிருந்தது. பேச்சுத் துணைக்கு வீட்டில் ஓர் ஆள் கிடைத்ததே என்று அப்போது நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. அவள் ஏன் வந்தாள் என்பதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அந்தத் தட்டுகள் ஒரு விளையாட்டுக்கு உரியவை. அங்கே பூங்காக்களில் மரங்களுக்கு நடுவே சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளை நட்டு வைத்திருப்பார்களாம். தூரத்தில் நின்று தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடையில் போடுகிறவர் ஜெயித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் அவளும் போவார்கள். பாளையங்கோட்டையில் கூடைக்கு எங்கே போவது? குளத்துக் கரைக்கு அந்தப் பக்கம் உடைமரங்களும் ஏழெட்டுப் பனைகளும் நிற்கிற பொட்டல் ஒன்று இருந்தது. பனையையே கூடையாக வைத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் போவோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் வீச, நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். ஆடு மேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் நாலைந்து நாள் நின்று பார்த்துவிட்டு, "என்ன தாயி, பனையப் போட்டு எதுக்கு இப்படி அடிக்கிய?" என்று கேட்டார். "நுங்கு விழுதான்னு பாக்கேன் அண்ணாச்சி" என்றாள் மதினி. அவர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மதினியின் வலது தோள் ஒரு குளிர்காலத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து உடைந்து கூடியது. கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் அங்கிருந்து இழுத்து வீசுவதுதான் பலரும் வீசுகிற முறை. அது அவளால் முடியாது. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டை மட்டும் வெட்டி வீசுவாள். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிகிற மாதிரிதான். அவளுடைய மெல்லிய வீச்சுக்குப் புதுத் தட்டு ஒத்துவராது. அதற்கு வேகம் வேண்டும். வேகம் போதாவிட்டால் பாதி வழியிலேயே வலது பக்கம் சாய்ந்து தரை தட்டிவிடும். மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்த தட்டு அப்படிச் செய்யாது. முதலில் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கும், பிறகு பைய நிமிரும், கடைசியில்தான் வலது பக்கம் இறங்கும். அதற்குள் நல்ல தூரம் போயிருக்கும். இதற்கு அங்கே வழங்குகிற பெயரை மதினி சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். புதியது முறுக்கின தட்டு, தேய்ந்தது இளகின தட்டு.

இளகினதிலும் எதை எடுப்பது என்பதில்தான் அவளுடைய சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. ஆடி மாதம் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வீசும் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். மேற்கே பார்த்து வீசும்போது எதிர்க்காற்று தட்டை இன்னும் இளக்கிப் புரட்டிவிடும் என்று, கொஞ்சம் முறுக்கு மிச்சமிருக்கிற மஞ்சளை எடுப்பாள். கிழக்கே திரும்பிக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டால், இருப்பதிலேயே நைந்துபோன சிவப்பு. எடுப்பதற்கு முன் இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பை அமுக்கிப் பார்ப்பாள். கண்ணுக்கு நேரே பிடித்து வளைவைப் பார்ப்பாள். அவ்வளவு நேரம் சேலைக் கடையில்கூட அவள் எடுத்துக்கொண்டதில்லை.

"கடையில வாங்கும்போதே இளகினதா கிடைக்காதா மதினி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கிடைக்கும்ட்டி. ஆனா இது உங்க அண்ணன் அஞ்சு வருசமா மரத்துல அடிச்சு அடிச்சு இளக்குனது. அவுக கை வேகத்துக்கு இது புரண்டு புரண்டு விழ ஆரம்பிச்சிட்டு. அதான் எனக்குத் தந்துட்டாக."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது. அவனுக்கு உதவாமல் போனது தனக்கு வாகாக அமைந்ததில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அண்ணன் மேல் எரிச்சல்தான் வந்தது. அவனுடைய கடிதங்கள் முதலில் மாதம் ஒன்று வந்தன. பிறகு இடைவெளி கூடியது. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, அம்மா பெயருக்கு. மதினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அன்று சாயங்காலமும் பொட்டலுக்குப் போனோம்.

மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பு தொடங்கியது. மதினி களக்காட்டில் அவள் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டுச் சாமான் முழுக்க முற்றத்தில் கிடந்தது. புதுத் தட்டுகள் எப்போதும் பையில் தொங்கும். இளகினவற்றை மட்டும் அண்ணனின் பழைய வேட்டியில் சுற்றி, கீறல் விட்ட பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் வைத்திருப்பாள். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். தெருவில் "பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம்" என்று தள்ளுவண்டிக்காரர் குரல் கேட்டது. உடைந்த வாளி, காது போன கப்பு, அந்தப் பேசின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்ப் போட்டேன். மேலே கிடந்த வேட்டியைக் கரித்துணி என்று நினைத்தேன். வெங்காயத்தை அடுக்களையில் கொட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மத்தியானம் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வேட்டி எது என்று உறைத்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் காட்டிய குடோனுக்கும் போனேன். "காலையில உள்ளது அப்பமே லோடு ஏறிட்டும்மா" என்றார்கள்.

மதினி வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். போகிக்கு முந்தின நாள் வந்தாள். பையை வைத்தாள், பின்கட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள். "இங்கன ஒரு பேசின் இருந்துதே" என்றாள். நான் ஸ்டூல் மேல் நின்று சாமி படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பழசெல்லாம் தூக்கிப் போட்டாச்சு தாயி. ஆகாதத வீட்டுல வச்சிக்கிட்டிருந்தா புதுசு எப்படி வரும்?"

வெள்ளையடிக்கிற வாரத்தில் அம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்கிற பேச்சு அது. எனக்கும் சொல்வாள், வேலைக்காரிக்கும் சொல்வாள். மதினி அதைத் தனக்கே சொன்னதாகக் கேட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "சரி அத்தை" என்றாள். நான் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அந்தப் பக்கம் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, பொங்கல் முடியட்டும் என்று நினைத்தேன். அவள் கோலம் போட்டாள், பானைக்கு மஞ்சள் கட்டினாள், எங்களுக்குப் பரிமாறினாள். பொங்கலுக்கு மறுநாள், யாரும் பயணம் கிளம்பாத கரிநாள் அன்று காலையில் பெட்டியோடு வந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்றேன். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நாந்தான் மதினி" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை மேல எனக்கு வருத்தம் இல்லட்டி. மவன் கூப்பிட மாட்டான்னு அவுகளுக்கு எப்பமோ தெரிஞ்சிருக்கு. அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்" என்றாள்.

இருபத்தெட்டு வயதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

அண்ணன் அங்கேயே வேறு கல்யாணம் செய்துகொண்டான். மதினி களக்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். எனக்குக் கடிதம் போடுவாள், பிறகு போன் பேசுவாள். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அம்மாவை விசாரிக்கவும் மாட்டாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அம்மாவும் நானுமே வயசாளிகளானோம். வெள்ளையடிப்பு வரும்போதெல்லாம் அம்மா அதையே கேட்பாள். "நான் என்னட்டி சொன்னேன் அவள? பெத்த மவ கணக்காத்தான வச்சிருந்தேன். கரிநாளும் அதுவுமா இப்படி உதறிட்டுப் போயிட்டாளே." நான் "நீ ஒண்ணும் சொல்லலம்மா, அவுக குணம் அப்படி" என்பேன். முதல் பொய்யைச் சொல்லாமல் சொன்னேன். இதை வாய்விட்டே சொன்னேன், வருஷம் தவறாமல்.

பொட்டல் இப்போது மனைகளாகிவிட்டது, பனை ஒன்றுகூட இல்லை. அந்தத் தட்டுகளைக் கைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்களாம். எது எவ்வளவு இளகும் என்று அதிலேயே எண் போட்டு வருகிறதாம். மெதுவாக வீசுகிறவர்கள் எதை எடுக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. ஒரு நாள் அதை உட்கார்ந்து படித்தேன். வாங்கவில்லை.

போன ஆவணியில் அம்மா இறந்துபோனாள். மதினி வந்தாள், தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மாவின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றாள். எல்லோரும் போன பிறகு அடுக்களையில் அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்து வைத்தேன். அப்போது சொன்னேன். தள்ளுவண்டி, பேசின், வேட்டி, பஸ் ஸ்டாண்டில் அவள் பிடித்த கை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளவும், அழுதால் சேர்ந்து அழவும் தயாராக இருந்தேன். அவள் குழாயை மூடினாள்.

"அத்தைக்கு இது தெரியுமா?"

"தெரியாது மதினி. கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முன்னறையில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள்.

"இத இப்பம் என்கிட்ட எதுக்குட்டி சொல்லுத? நீ அத்தகிட்டல்லா சொல்லிருக்கணும்."