எல்லாம் என் நாய்தான்

இன்று காலை பங்சார் பூங்காவில் என் மனைவி, "செயின கழட்டி விடுங்க லா, கொஞ்சம் ஓடட்டும், பாவம்" என்றாள். அந்தப் பாவப்பட்ட எங்கள் நாய் ஆஸ்கருக்கு மழைக்கோட்டு உண்டு, பல் துலக்கிவிட ஆள் உண்டு, எங்கே நிற்கிறான் என்று என் போனுக்குச் சொல்லும் கழுத்துப் பட்டை உண்டு. எனக்கு இதில் ஒன்றும் கிடையாது. 'அவன்' என்று எழுதுவதும் வீட்டு உத்தரவுதான்.

கழற்றினேன். ஓர் அணிலைப் பார்த்து நேராகச் சாலைக்குப் பாய்ந்தான். கத்திக்கொண்டே ஓடினேன். பூங்காவில் இருந்தவர்கள் உடனே உதவிக்கு வந்தார்கள், அதாவது போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கார் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. ஆஸ்கரை அள்ளிக்கொண்டேன். சுற்றிலும் ரப்பர் வாடை.

அந்த வாடை, என் சின்ன வயதில் சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையுடையது. அங்கே நாயைச் சங்கிலியில் பிடித்து உலாவப் போகும் வழக்கம் யாருக்கும் தெரியாது. எங்கள் பிரவுனி கறுப்பு நாய். பெயர் வைத்த அப்பாவிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை. தினமும் அவரை ரயில் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரிய சாலையைத் தாண்டி அது தனியாகத் திரும்பி வரும். வரும்வரை அம்மா வாசலைக் கூட்டுவார். கூட்டிய இடத்தையே கூட்டுவார்.

"நாய்க்காகவாம்மா நிக்கிற?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு."

விளக்குமாறுதான் தேய்ந்தது.

அம்மாவுக்குப் பயம் நாய் பிடிக்கிற லோரி மீதுதான். சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாத நாய் அதில் ஏறினால் திரும்பி வராது. லோரி முனையில் திரும்பியதும் சைக்கிள் கடைச் சீன அங்கிள் ஸ்பானரால் தகர டிரம்மைத் தட்டுவார். ரோட்டு நாய்கள் அத்தனையும் அவர் கடைக்குள் நுழைந்துவிடும். பள்ளி மணிக்கு நாங்கள் அப்படி ஓடியதில்லை.

ஒருநாள் பிரவுனி திரும்பி வரும் நேரத்தில் டிரம் சத்தம் கேட்டது. அம்மா விளக்குமாற்றோடு ஓடினார், பின்னால் நான். கடை மேசைக்கு அடியில் ஒரே வால்கள். நடுவில் பிரவுனி. சுருக்குக் கயிற்றோடு வந்தவர், இதெல்லாம் யாருடைய நாய் என்று மலாயில் கேட்டார். அங்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுவதை நிறுத்தவில்லை.

"செமுவா சாயா புஞா."

எல்லாம் என்னுடையது. வந்தவர் நாய்களைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், போய்விட்டார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். பிறகு பிரவுனிக்குச் செம திட்டு.

அந்தக் கடையில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள். நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன், சுமார்தான்.

இன்று நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் அடுக்குமாடிக் கொண்டோ வாட்ஸ்அப் குழுவில் ஆஸ்கரின் படம் வந்துவிட்டது. 'யாருடைய நாய் இது? பொறுப்பு வேண்டாமா?' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். தினமும் லிஃப்டில் அவன் தலையைத் தடவிக் கொஞ்சுகிறவர்கள்தான் எல்லாரும்.

'என்னுடையது' என்று எழுதினேன். அப்படிச் சொல்ல வேறு ஆளில்லை.