பட்டியலின் முதல் கேள்வி

விலைக்கு நாய்க்குட்டி விற்பவர் அதற்கான உரிமம் வைத்திருக்க வேண்டும். அரசாங்க அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் உரிமை எனக்குக் கிடையாது. ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகத்தில் பொதுமக்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. "விதிமுறைகளை அறிந்திருப்பது தங்கள் பொறுப்பாகும்" என்று எத்தனையோ பேருக்கு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை.

நாய் வாங்கும் யோசனை என் மனைவியுடையது. ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், அவள் பாத்திரம் அடுக்கும் முறையில் உள்ள குறையை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "காலையிலேர்ந்து என்னையே திருத்திக்கிட்டு இருக்கீங்க. ஒரு நாய் வாங்குங்க. அதுக்கு ரூல்ஸ் சொல்லிக்குடுங்க."

காப்பகத்தில் வீடில்லாமல் இருப்பவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நான் கலப்பில்லாத இனம்தான் வேண்டும் என்றேன். தாய் தகப்பன் யாரென்று தெரியாத நாயின் குணத்தை எப்படி நம்புவது?

"நம்ம மகன் கல்யாணத்தப்ப எங்க அண்ணன் பொண்ணோட சாதி கேட்டதுக்கு அவர்கிட்ட ஒரு வருஷம் பேசாம இருந்தீங்க. இப்ப நாய்க்குக் கேக்குறீங்க."

"அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேறு என்பதை இன்றுவரை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

எங்கள் தேவாலயத்தில் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்யும் தம்பதி ஒன்று உண்டு. இருவருக்கும் நாற்பதுகளில் வயது. சுவா சூ காங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடு. "வீட்லயே குடும்பமா வளர்க்கிறோம் சார், கடை நாய் மாதிரி இல்ல" என்று அந்தக் கணவர் பூசை முடிந்து ஒருநாள் சொல்லியிருந்தார். அவர்களிடம் இருப்பது ஷ்னாசர். பிறக்கும்போதே தாடியும் மீசையுமாக, சின்ன உருவத்தில் ஒரு தலைமை ஆசிரியரைப் போல இருக்கும் ஜெர்மானிய இனம். எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். இரண்டு கையிலும் பை. கோழிக் கழுத்தும் ஈரலும் நிரம்பி வழிந்தன. ஒரு சின்ன நாய் அதைத் தின்று முடிக்க ஒரு மாதமாகும். என் மண்டையில் மணி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, "குட்டி எப்ப பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இல்லாததா சார்? ஞாயித்துக்கிழமை வாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க லா."

போவதற்கு முன் பதினொரு கேள்விகளைத் தட்டச்சு செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் கேள்வி: தாய் நாயைப் பார்க்கலாமா? குட்டி வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். தாயைக் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

ஆனால் அங்கே கேசரி இருந்தது.

கேசரி, மெதுவடை, இஞ்சி போட்ட தேநீர். புது மேசைவிரிப்பு. அந்த அம்மாள் பட்டுப் புடவையில் இருந்தார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், பூத்துவாலையில் சுற்றிய குட்டியைக் கணவர் உள்ளறையிலிருந்து தூக்கி வந்து, எங்கள் எதிரே இறக்கிவிட்டார். அது கூச்சத்தோடு தலை குனிந்து நின்றது. என் மனைவி என் காதருகே, "பாடத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள். அத்தனை அச்சாகப் பெண் பார்க்கும் வீடு.

பெண் பார்க்கும் வீட்டில் பலகாரத்தில் கை வைத்த பிறகு விசாரணை நடத்த முடியாது. கை வைத்தாலே பாதி சம்மதம். நான் இரண்டாவது தட்டுக் கேசரியில் இருந்தேன். பட்டியல் சட்டைப் பையிலேயே இருந்தது. தகப்பன் நாய் கோப்பையோடு நிற்கும் படத்தைக் காட்டினார்கள். வம்சாவளிச் சான்றிதழைக் காட்டினார்கள், நான்கு தலைமுறை. அதை முத்திரை உட்படச் சரிபார்த்தேன். தடுப்பூசி அட்டையில் ஒரு தேதி தெளிவாக இல்லை என்று சுட்டிக்காட்டக்கூடச் செய்தேன். காகிதத்தில் நான் ஏமாறுவதில்லை.

கை கழுவ எழுந்தேன். "அங்கிள், இந்தப் பக்கம் வாங்க, ரூம் பாத்ரூம்ல கழுவுங்க" என்று அந்த அம்மாள் அவசரமாக எழுந்தார். அதற்குள் நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

சலவை இயந்திரத்துக்குப் பின்னால் மூன்று கூண்டுகள். முன்னால் இருந்ததில் தாய் நாய் படுத்திருந்தது. தாடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதுகில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்தது; எழுந்தபோது காம்புகள் கூண்டுத் தரையைத் தொட்டன. நேராக நிற்கக் கூண்டின் உயரம் போதவில்லை. அப்படியே குனிந்தபடி குட்டை வாலை ஆட்டியது. வால் கம்பியில் பட்டு டிக் டிக் என்று சத்தம் வந்தது. கை நீட்டினேன். என் விரலில் இருந்த நெய்யை நக்கியது. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக.

பிறகு நான் குழாயைத் திறந்து கை கழுவினேன். வெளியே வந்து, "கேசரி பிரமாதம்" என்றேன்.

குட்டியோடு டாக்சியில் திரும்பும்போது மனைவி கேட்டாள்: "தாய் நாயப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

முப்பத்தாறு ஆண்டு மணவாழ்வில் அவளிடம் நான் சொன்ன பொய்கள் அதிகமில்லை. இது இரண்டே சொல்.

குட்டி நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் என் மனைவி உட்கார்ந்தால் போதும், அவள் மடியில் ஏறித் துணியை வாயால் பற்றிச் சப்பியபடி முன்னங்கால்களால் அமுக்கும். "அம்மாவத் தேடுது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் செய்தித்தாளைப் புரட்டினேன். ஒரு மாதம் புரட்டினேன். பிறகு ஒரு மதியம், கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே, "நக்குனதுக்கு அப்புறம் கை கழுவுனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன்.

"புகார் எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க. அதுதானே உங்களுக்குத் தெரிஞ்ச வேலை."

அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் என் அலுவலகத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் யார் மீதும் நடவடிக்கை எடுத்ததில்லை. முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சரிசெய்துகொள்ளப் பதினான்கு நாள் தர வேண்டும். அதுதான் நியாயம் என்று நம்பியே வேலை பார்த்தேன். அதனால் அந்தக் கணவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கண்டது, பொருந்தும் விதி, அவகாசம், அதன்பின் நான் எடுக்கக்கூடிய நடவடிக்கை என்று நான்கு பத்தி. உள்ளுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது: உரிமமில்லாதவரிடம் வாங்கியவன் நான், அவர்களாகவே சரிசெய்துவிட்டால் என் பெயர் எங்கும் வராது.

மனைவி செய்தியைப் படித்தாள். "திருடனுக்கு லெட்டர் போட்டுட்டு, பதினாலு நாள் கழிச்சுப் போலீஸக் கூப்பிடப் போறீங்களா?"

"இது முறை."

"யாருக்கு முறை? கூண்டுல இருக்கிறதுக்கா?"

கணவரிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது. அடியில் "நன்றி சார்."

பதினைந்தாம் நாள், உரிமம் வழங்கும் துறைக்குப் புகாரைத் தபாலில் அனுப்பினேன். பெயர், முகவரி, நான் குட்டி வாங்கிய விவரம் எல்லாம் இருந்தது. அந்தக் கடைசி விவரத்தை முதல் வரைவில் சேர்க்காமல் விட்டிருந்தேன். மனைவி பேனாவால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அந்தக் கணவர் தானாகவே வந்தார். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"குட்டி எப்படி இருக்கு சார்? உங்க மெசேஜ் பார்த்துட்டு நானும் வீட்டுக்காரியும் உக்காந்து பேசுனோம். நீங்க சொன்னது நியாயம்தான். எல்லாத்தையும் அனுப்பிட்டோம்."

"எங்க?"

"எல்லைக்கு அந்தப் பக்கம், ஜோகூர்ல ஒருத்தர் சார். தோட்டம் வச்சிருக்கார். நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருக்கும்."

"அந்தத் தாய் நாயும்?"

"அதுதான் முதல்ல போச்சு. வயசாயிடுச்சு இல்ல, இனி குட்டி போடாது." தோளில் தட்டினார். "நீங்க மட்டும் சொல்லலன்னா இன்னும் வச்சிருப்போம் லா சார்."

ஒரு நாயை எல்லை தாண்டிக் கொண்டுபோக எந்த அனுமதி வேண்டும், எந்த ஊசி போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்தின் முகவரியைக் கேட்டிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த அம்மாள் பூக்கூடையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையாட்டினேன். முதல் கேள்வியை இரண்டாம் முறையும் கேட்கவில்லை.

மனைவி அன்று மாலையே அவருக்குத் தொலைபேசியில் அழைத்து முகவரி கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் எடுப்பதில்லை. இப்போது அவள் வேறு தேவாலயத்துக்குப் போகிறாள். நான் பழைய இடத்திலேயே, பீடம் தெரியாத ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்கிறேன்.

என் புகாருக்குப் பதில் வர நாளாயிற்று. வந்த கடிதம் அரைப்பக்கம். தாங்கள் குறிப்பிட்ட முகவரியில் சோதனை நடத்தப்பட்டது, நாய்கள் எவையும் காணப்படவில்லை, ஆகவே மேல் நடவடிக்கைக்கு இடமில்லை, அக்கறைக்கு நன்றி. ஒரு குறையும் சொல்ல முடியாத கடிதம். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சத்தமாகப் படிக்கச் சொன்னாள் மனைவி, படித்தேன். குட்டி என் காலடியில் வாலை ஆட்டியது. நாற்காலிக் காலில் வால் பட்டு டிக் டிக் என்றது.

கடிதத்தின் மேல் மூலையில் வந்த நாளைப் பென்சிலால் குறித்துக் கோப்பில் வைத்தேன்: பிப்ரவரி 18.