கோட்டைக்குப் போகும் வழியில் கண்டக்டரம்மா

கண்டக்டரம்மாவும் அவள் கணவரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள். அவர் டிரைவர். கடலோரப் பாறை முனையில் இடிந்து கிடக்கும் கோட்டைதான் கடைசி நிறுத்தம். வண்டி திரும்பும் வரை இருவரும் அதன் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த பிறகும் அவர் கேட்டது அந்தக் கோட்டையைத்தான். தினமும் பாறையோரப் பாதையில் நடத்தியே கூட்டிப்போனாள்.

அவர்கள் மகனுக்குப் பயம். என்னிடம் வந்தான். "ஒருநாள் அவங்க கூடப் போய்ப் பாருங்க பெரியம்மா. நீங்க வேண்டாம்னு சொன்னா அம்மா கேப்பாங்க."

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்: விழுந்த பக்கம் நில், அரையடி பின்னால், அவர் இடுப்பில் கட்டிய பட்டையை விடாதே. வீட்டுக்குள் நடப்பதற்குச் சொன்னது அது.

ஒருநாள் நானும் கூடப் போனேன். போகும்போது கடல் இடப்பக்கம். நான் சொன்னபடியே அவள் நின்றாள். அதாவது அவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில். அவள் செருப்புக்கும் விளிம்புக்கும் ஒரு சாண். அவரோ ஆளில் அவளைப்போல் ஒன்றரை மடங்கு.

கோட்டை வாசல் கல்லில் அவரை உட்காரவைத்ததும் அவளிடம் கேட்டேன்.

"அவர் சாஞ்சா உன்னையும் தள்ளிட்டுத்தான் போவார். தெரியுமா?"

"தெரியும்க்கா. அவர் போனப்புறம் நான் வீட்ல உக்காந்து என்ன பண்ண? டிக்கெட் கிழிக்கவா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கவாதம் அவர் கவனத்தில் இடப்பக்கம் என்ற ஒன்றையே இல்லாமல் செய்திருந்தது. தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே மிஞ்சும். அவள் எங்கே நடந்து வருகிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை. இப்போது எங்கள் பேச்சைக் கேட்டுத் தலையை முழுக்க அவள் பக்கம் திருப்பினார்.

"கடல் பக்கமாவா வந்தே?"

"வேற எங்க வர? ஆகாசத்துலயா?"

"தினமுமா?"

அவள் பட்டையைச் சரிசெய்தாள்.

"இனி வேண்டாம்" என்றார்.

"கோட்டை கோட்டைன்னு உசிரை வாங்கினதும் நீங்க, வேண்டாங்கிறதும் நீங்க. அப்ப நாளைக்கு எங்க போறதாம்?"

மகனுக்குச் சொல்ல வேண்டியது முடிவாகிவிட்டது. நாளை முழுவதும் வீட்டுக்குள் இவள் என்ன ஆவாள் என்பதுதான் முடிவாகவில்லை.

திரும்பும்போது கடல் வலப்பக்கம். அவள் மேட்டுப் பக்கம் நடந்தாள். ஆனால் அவர் இரண்டடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி அவளைத் தேடினார். கால் பின்னியது.

"முன்னாடி பாருங்க" என்று அதட்டிவிட்டு, நான் கடல் பக்கம் போய் அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டேன்.