வேதத்தில் வந்த கீழ்குளம்

அந்தப் படம் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் வரையப்பட்டிருந்தது. இடது ஓரம் முழுக்கக் கடல். துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, தென்னை ஈர்க்கில் பஞ்சு சுற்றித் தீட்டியிருந்தார் எங்கள் கிறிஸ்தவ சபையின் உபதேசியார். வலது பக்கம் ஒரு நதி, அது போய் விழுகிற உப்புக்கடல். நடுவே சிவப்பு மையில் ஏறியும் இறங்கியும் வளைந்தும் போகும் எல்லைக் கோடுகள். கானான் நாட்டைப் பன்னிரண்டு கோத்திரத்தாருக்கும் பங்கு வைத்த கணக்கை எபிரேயத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதற்காக அவர் தனக்கென்று வரைந்துகொண்ட படம் அது.

எங்கள் சபையில் ஐயர் என்றால் குருப்பட்டம் பெற்ற போதகர். அந்த ஐயர்மார் சேர்ந்து வேதபுத்தகமான பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்த ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கமிட்டியில் எபிரேயம் தெரிந்த ஐயர் ஒருவரும் கிடையாது. தெரிந்தவர் உபதேசியார் ஒருவர்தான். குருப்பட்டம் பெறாதவர் என்பதால் அவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. வேலை மட்டும் உண்டு. சபைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால், அவர் எழுதியதைப் படியெடுக்கச் சொன்னார்கள். பள்ளி விட்டதும் கடைசி வகுப்பறையில் இருவரும் உட்காருவோம்.

எல்லை வருகிற அதிகாரங்கள் எனக்கு அலுப்பாக இருந்தன. வெறும் ஊர்ப்பெயர்கள். அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "டீச்சரே, எபிரேயத்துல எல்லை சும்மா கிடக்காது. நடக்கும். மலையில ஏறும், ஆத்துல இறங்கும், ஒரு பாறைகிட்ட திரும்பும். நம்ம வயக்காட்டுல வரம்பைப் பத்தி ஆளுவ எப்படிப் பேசுதாவன்னு கேட்டுப் பாருங்க. அதே பேச்சாக்கும்." கேட்பதற்காக அவரே வடசேரிச் சந்தைக்குப் போய், வண்டி அவிழ்த்துப்போட்டிருக்கும் விவசாயிகளிடம் நின்று பேசுவார். எல்லைக்கும் எல்லைக்குள் இருக்கும் மண்ணுக்கும் எபிரேயத்தில் ஒரே சொல்தான் என்பார். வறண்ட நிலத்தைச் சீதனமாகப் பெற்ற ஒரு மகள், தகப்பனிடம் தண்ணீரும் கேட்டு வாங்கும் இடம் ஒன்று வரும். அங்கே அவள் பெற்ற நீர்நிலைகளுக்கு மேல்குளம், கீழ்குளம் என்று எழுதினார். எழுதிவிட்டு, எங்கள் பக்கத்து ஊரான கீழ்குளம் வேதத்தில் வந்துவிட்டதென்று சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தார்.

அது ஐம்பத்து நான்காம் ஆண்டு. தமிழ் பேசும் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்துவிட்டது. யார் வீட்டில் என்ன காகிதம் இருக்கிறதென்று போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வகுப்பறைக்கும் வந்தார்கள்.

மலையாளியான இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். நோட்டைப் புரட்டினார். மேற்கெல்லை பெருங்கடல் என்று வாசித்தார். தெற்கெல்லை கடலின் முனையிலிருந்து புறப்படும் என்று வாசித்தார். அப்புறம் கீழ்குளம் வந்தது.

"கீழ்குளம் இவிடத்தானே உண்டு? ஆரு வரைஞ்ச பிளான் இது?"

"சார், அது வேதம்" என்றேன்.

"வேதத்தில் கீழ்குளமோ?" எபிரேய எழுத்துகளைக் காட்டி, "இது எந்து ரகசிய எழுத்து?" என்றார்.

உபதேசியார் பொறுமையாக விளக்கத் தொடங்கி, படத்தின் மேல் விரலை வைத்தார். அந்த விரலின் மேல்தான் முதல் அடி விழுந்தது. படத்தையும் மூன்று நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிப் போனார்கள்.

போலீஸ் மீது எனக்குள்ள கோபம் காலத்தில் ஆறிவிட்டது. ஆறாதது வேறு. மறுநாள் காலையில் கமிட்டிக்குத் தலைவராக இருந்த ஐயரின் பங்களாவுக்கு ஓடினேன். இவை எங்கள் திருத்த வேலைக் காகிதங்கள் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். ஐயர் காப்பி குடித்து முடிக்கும்வரை நின்றேன்.

"நேரம் சரியில்ல, டீச்சர். சபைக்குல்லா பேரு கெடும்? அவரு கமிட்டி மெம்பரும் இல்ல. எழுதச் சொல்லி நாம கடுதாசி ஒண்ணும் குடுக்கலியே."

இரண்டு வருடமாக அந்த நோட்டுகளைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் இவர் தன் கையில் வைத்து வாசித்தார். சொல்நயத்தை மற்றவர்கள் பாராட்டியபோது தலையாட்டி ஏற்றுக்கொண்டவரும் இவர்தான். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன். இன்றுவரை என்னை நான் மன்னிக்காத இடம் அது.

வீட்டிலிருந்த வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் இல்லை. வடக்கே மலையாளக் கரையில் எங்கோ பிறந்த, தமிழ் ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாத ஏட்டு ஒருவர் இருந்தார். புத்தகத்தின் கடைசியில் இருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். உள்ளே போய் உபதேசியாரின் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். "ஈ படம் என்றெ அம்மச்சியுடெ வேதபுஸ்தகத்திலும் உண்டு" என்றார். கண் கலங்கியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. மாலையில் இன்ஸ்பெக்டரிடம் அவர்தான் பேசினார். பேசவேண்டிய சபை பேசவில்லை. எங்களுக்கு எதிர்ப்பக்கம் என்று ஊர் சொன்ன ஆள் பேசினார்.

மறுநாள் உபதேசியாரை விட்டார்கள். நோட்டுகளைத் தரவில்லை. அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் அதன்பிறகு மடங்கவேயில்லை. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வருடம் ஆயிற்று. எழுதி முடித்ததைக் கமிட்டி வாங்கிக்கொண்டது.

ஐம்பத்தாறு நவம்பரில் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. சபை மண்டபத்தில் கொண்டாட்டக் கூட்டம். ஐயர் மாலையோடு எழுந்து, இந்தப் போராட்டத்தில் நம் சபையும் இரத்தம் சிந்தியது, நம் வேத மொழிபெயர்ப்பையே பறித்துக்கொண்டு போனார்கள், நாம் அஞ்சவில்லை என்று முழங்கினார். கடைசி வரிசையில் உபதேசியார் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயரே, ஒரு வரி கடுதாசி கேட்டு நான் வந்தேனே. எழுதினியளா?"

ஐயர் புன்னகை மாறாமல், "டீச்சருக்கு ஓர்மை தப்பிப்போச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள். உடனே ஜெபத்துக்கு அழைத்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் உபதேசியார் சொன்னார்: "எனக்காவ ஒரு ஆள் கேட்டாச்சுல்லா. போதும் டீச்சரே." எனக்குப் போதவில்லை. அவர் உபதேசியாராகவே ஓய்வு பெற்று, உபதேசியாராகவே அடக்கமானார்.

இன்று அச்சில் இருக்கும் அந்த மொழிபெயர்ப்பில் எல்லைகள் ஏறுகின்றன, இறங்குகின்றன, பாறையருகே திரும்புகின்றன. கீழ்குளமும் இருக்கிறது. முன்னுரையில் ஐயர்மாரின் பெயர்கள் வரிசையாக உள்ளன. தலைவராக இருந்த ஐயரின் நினைவு நாளில் ஆண்டுதோறும் சபை முழுவதும் எழுந்து நிற்கிறது. நான் உட்கார்ந்தே இருக்கிறேன். பாவம், மூட்டுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.