யோகன் திருப்பிக் கேட்ட ஏணி

காலையில் பல் தேய்ப்பது கேரளாவில், டீ குடிப்பது தமிழ்நாட்டில் — பாறசாலைக்காரனான எனக்கு எல்லை என்றால் அவ்வளவுதான். இதுவரை வழியில் யாரும் 'நீ யார்?' என்று கேட்டதில்லை. கேட்டால் நானும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்!

போன வாரம் வாசலில் யோகன் நின்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யோகன் பெயின்டர். தமிழ்நாட்டுப் பக்கம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன், கேரளாப் பக்கம் வேலை. அகதிகளைக் குடியேற்றும் ஒரு வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறான் என்று சர்ச்சில் ஜெபம் பண்ணி, சால்வை போட்டு, பிரியாணி சாப்பிட்டு வழியனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. (நான் இரண்டு தட்டு.) 'என் மகளுக்காவது சொந்த ஊருன்னு ஒண்ணு கிடைக்கும்' என்று அன்று அழுதான்.

"எலே மக்கா, நீ பிளேன் ஏறலியா?"

"இல்லண்ணே. இன்டர்வியூ, மெடிக்கல் எல்லாம் முடிஞ்சு, டிக்கெட்டும் வந்துது. அங்க புதுசா வந்த தலைவரு, அகதிகளே வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டாராம்."

"ஒத்தக் கையெழுத்தா! எதுத்துக் கேக்க அங்க ஆளில்லியா?"

"கேட்டவங்களையும் வேலைய விட்டுத் தூக்கிட்டாராம்."

எனக்கு ஒரே ஆச்சரியம். பேங்கில் என் பெயரை எழுதவே எனக்கு மூன்று நிமிஷம் — நாலாம் கிளாஸ் படிப்பு அப்படி. அந்த மனிதர் யோகனைப் பார்க்காமல், அவன் கட்டி வைத்த பெட்டியைப் பார்க்காமல்... எப்படி? நம்மூரில் பஸ் ஸ்டாப்பை நாலடி தள்ளி வைத்தாலே நாலு கட்சியும் போராட்டத்துக்கு உட்கார்ந்துவிடுமே?

யோகன் தலையைச் சொறிந்தான். "அண்ணே... அந்த ஏணி வேணும். நாளைக்குக் குன்னத்துகால்ல ஒரு மாடி வீடு. ஏணி இல்லேன்னா வேற ஆளை விட்டிருவாங்க."

போகிறோமே என்று அவன் எனக்குக் கொடுத்த மூங்கில் ஏணி. அதை நான் சாய்ந்து கிடந்த பாகற்காய்ப் பந்தலுக்குக் கால் ஆக்கிவிட்டேன். கொடி உச்சிவரை ஏறி, பூவும் பிஞ்சுமாக...

"இப்பதான் பிஞ்சு வச்சிருக்கு மக்கா. ரெண்டு வாரம் பொறேன்."

யோகன் கோபப்படவில்லை. "சரிண்ணே. பொறுக்கது நமக்குப் பழக்கம்தானே."

உள்ளேயிருந்து என் மனைவி சாந்தியின் குரல் வந்தது.

"கொள்ளாமே, ரொம்ப நல்லாருக்கு! நம்ம வீட்லயும் ஒரு தலைவரு இருக்காராக்கும்."

அரிவாளை எடுத்துக் கொடியை அறுத்து, ஏணியை உருவிக் கொடுத்தேன். பிஞ்சுகளை யோகன் மகளுக்குப் பொறுக்கிக் கொடுத்தாள் சாந்தி.

கையெழுத்துப் போடத்தான் எனக்கு மூன்று நிமிஷம். உத்தரவை மாற்ற அரை நிமிஷம் போதும் — வீட்டுக்குள் எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் இருந்தால்!