ராக்கம்மா வாசல் வாசலாகச் சொன்ன சேதி

காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்கு முன்பே ராக்கம்மா லயத்து வீடுகளில் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பாள். "எங்க வீட்டுக்காரரு குடிக்கல. பயந்துக்கிட்டும் நடுங்கல. அது சீக்கு. பாத்தா சிரிக்காதீங்க." நேற்றுச் சொன்ன வாசலுக்கே இன்றும் போவாள்.

மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் நாங்கள் எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த ஜப்பான் காலம். அவள் புருஷன் சன்னாசிக்கு வலது கை ஆடும். சும்மா இருந்தால் விரல்கள் எதையோ உருட்டுவது போல ஆடும். மண்வெட்டியைப் பிடித்தால் நின்றுவிடும். இதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. நோய் என்றால் வேலை செய்யும்போதல்லவா நடுங்க வேண்டும்? முகத்திலும் சிரிப்போ கோபமோ தெரியாது. சிலர் செய்வினை என்றார்கள், சிலர் கள்ளு என்றார்கள். மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸர் தனக்கும் புரியவில்லை என்று கைவிரித்துவிட்டார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து, வேலைக்குப் பயந்த நடிப்பு என்றார்.

ஒருநாள் ரந்தாவ் சாலையில் ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிய சன்னாசி நிமிர முடியாமல் நின்று அறை வாங்கி வந்தார். அன்றிலிருந்துதான் ராக்கம்மா வாசல் ஏறத் தொடங்கினாள். மண்டோரையும் விடவில்லை. "என்ன சீக்குன்னு எனக்கும் தெரியாது மண்டோரே. ஆனா வேணும்னு செய்யல லா."

நடந்துகொண்டே இருக்கும்போது சன்னாசியின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவள் மரவள்ளி இடிக்கும் சத்தத்துக்கு ஒருமுறை அது தானாக நகர்ந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நின்றுவிட்டால் தள்ளாதீர்கள், எதையாவது தட்டுங்கள் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். வெட்கத்தோடு நாங்களும் வாளியைத் தட்டினோம். சில நாள் நடந்தார்; சில நாள் நடக்கவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஜப்பான்காரர்கள் பெரட்டுக்கே வந்தார்கள். ஆண்களை முன்னால் வரச் சொன்னபோது சன்னாசி நின்ற இடத்திலேயே நின்றார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான். வாளியைத் தட்ட யாருக்கும் துணிவில்லை. வீரமுத்துதான் கும்பிட்டபடி நடுவில் போனார்.

"சாக்கிட், துவான். சாக்கிட்."

ராக்கம்மா தினமும் சொன்னதையே மலாயில் சொன்னார்: குடியில்லை, பயமில்லை, நோய். சிப்பாய் அந்தக் கையை இறுகப் பிடித்துப் பார்த்தான். விட்டதும் ஆடியது. தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சன்னாசியை வரிசைக்கு வெளியே தள்ளினான். மற்றவர்களை லோரியில் ஏற்றினார்கள். அடுத்த வீட்டு மாரியம்மாவின் புருஷனும் அதில் போனான்.

இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றோம். சிப்பாயே கையைத் துடைத்துக்கொண்டானே என்ற பயம் வேறு. மத்தியானம் மாரியம்மா தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒட்டிக்குமா அக்கா?"

ராக்கம்மா வீட்டுக்குள் போனாள். சன்னாசியைக் கூட்டிவந்து எல்லாரும் பார்க்கும்படி முற்றத்தில் உட்காரவைத்தாள். அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றை அவர் கையில் வைத்தாள். பிறகு குனிந்து, ஆடிக்கொண்டிருந்த அந்த விரல்களிலிருந்து வாயாலேயே கடித்து வாங்கித் தின்றாள்.